வேர்க்காத ரொட்டி

அம்மாவுக்கு முட்டி வலி வந்த பிறகு எங்கள் வீட்டில் சனிக்கிழமை காலை ரொட்டி சானாய் நின்றுபோனது. கிடைக்காமல் இல்லை. பினாங்கின் ஜெலுத்தோங்கில் நாங்கள் இருக்கும் பிளாட்டுக்குக் கீழேயே கடை இருக்கிறது. நான் இறங்கிப் போய் நான்கு கொசோங் (உள்ளே எதுவும் வைக்காத வெறும் ரொட்டி) பொட்டலம் கட்டிக்கொண்டு வருவேன். ஆனால் வீடு 14-ஆவது மாடியில். லிஃப்டுக்குக் காத்திருந்து மேலே வந்து காகிதத்தைப் பிரிப்பதற்குள் ரொட்டி தன் ஆவியிலேயே அவிந்து, துவைத்துப் பிழிந்த துணி மாதிரி கிடக்கும். அம்மா இரண்டு வாய் பிட்டுவிட்டு, "இது வேர்த்த ரொட்டிப்பா" என்று தள்ளி வைப்பார்.

2024 டிசம்பரில் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு), ரொட்டி சானாய், தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) மூன்றையும் சேர்த்து மலேசியாவின் காலையுணவுப் பண்பாட்டை யுனெஸ்கோ தன் பட்டியலில் ஏற்றியது. அம்மாவைச் சந்தோஷப்படுத்தலாம் என்று செய்தியைக் காட்டினேன். "பட்டியல்ல இருந்து என்ன, தட்டுல இல்லையே" என்றார். சரி, வீட்டிலேயே போட்டுப் பார்ப்போம் என்று அன்றைக்குத்தான் இறங்கினேன். ஒழுங்காக வருவதற்கு ஐந்து சனிக்கிழமை பிடித்தது. எதில் தவறினேன், எதை மாற்றியபோது என்ன ஆனது என்பதை எழுதி வைக்கிறேன்.

தமிழ்நாட்டில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வரி: இது உங்கள் பரோட்டாவின் பங்காளிதான். சிங்கப்பூரில் பிராட்டா என்பார்கள். மாவும் எண்ணெயும் ஏறக்குறைய ஒன்றே. இங்கே இன்னும் மெல்லிதாக விரித்து, பெரும்பாலும் கடித உறை மாதிரி சதுரமாக மடித்துப் போடுவார்கள். ஈஸ்ட் கிடையாது, புளிக்க வைப்பதும் கிடையாது.

முதல் தவறு மாவிலேயே நடந்தது. தீபாவளிக்கு பிஸ்கட் சுட்டதில் மிஞ்சிய கேக் மாவு அலமாரியில் இருந்தது. வீணாக்குவானேன் என்று அதையே பிசைந்தேன். பிசையும்போது வெண்ணெய் மாதிரி அருமையாக இருந்தது. விரிக்கப் போனால் ஒரு சாண் அகலம் தாண்டவில்லை. எங்கே இழுத்தாலும் ஓட்டை. அப்புறம்தான் பாக்கெட்டின் பின்புறம் பார்த்தேன். 100 கிராமுக்குப் புரதம் 8 கிராம். மாவை இழுத்தால் நீளச் செய்வது குளூட்டன். அது கோதுமைப் புரதமும் தண்ணீரும் சேர்ந்து பிசைபடும்போது உண்டாகிற வலை. புரதம் குறைந்தால் வலையும் நைந்துபோகும். கேக்குக்கு அது நல்லது, ரொட்டிக்கு எமன்.

அடுத்த வாரம் சாதாரணக் கோதுமை மாவுக்கு மாறினேன். கட்டுப்பாட்டு விலையில் 1 கிலோ 1 ரிங்கிட் 35 சென்னுக்கு விற்கிற பிளாஸ்டிக் பாக்கெட் மாவேதான். அதில் புரதம் 10 கிராமுக்குக் கொஞ்சம் மேல், அது போதும். பிரெட் மாவு இன்னும் நன்றாக வரும் என்று நினைத்து ஒருமுறை அதையும் வாங்கிப் பார்த்தேன். 12 கிராமுக்கு மேல் புரதம். ரப்பர் மாதிரி இழுத்தது, சுட்ட பிறகு மெல்லவும் ரப்பர் மாதிரியே இருந்தது. காசுக்குக் கேடு.

இப்போது நான் எடுக்கும் அளவு இது. மாவு 500 கிராம், உப்பு 9 கிராம், சீனி ஒரு மேசைக்கரண்டி, இனிப்புப் பால் (டின்னில் வருகிற கெட்டிப் பால்) ஒரு மேசைக்கரண்டி, உருக்கிய மார்ஜரின் 30 கிராம், தண்ணீர் 280 மில்லி. இதில் எட்டு உருண்டை வரும், ஒவ்வொன்றும் 100 கிராம் சுமாருக்கு. தண்ணீரை மட்டும் ஒரே மூச்சில் ஊற்ற வேண்டாம். பினாங்கில் மழை நாளில் மாவே காற்றில் இருக்கிற ஈரத்தைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும். 260 மில்லி ஊற்றிப் பிசைந்துவிட்டு, மீதி 20 மில்லியைக் கை கேட்டால் கொடுக்கலாம். சப்பாத்தி மாவைவிட இளக்கமாக, கையில் லேசாக ஒட்டுகிற பதம்தான் சரி. ஒட்டுகிறதே என்று பயந்து மேலே மாவு தூவினீர்கள் என்றால் கதை முடிந்தது. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு தொடர்ந்து பிசையுங்கள். 10 நிமிடம் பிசைந்து, 15 நிமிடம் மூடி வைத்து, மறுபடி 5 நிமிடம். அந்த இடைவேளைக்குப் பிறகு அதே மாவு வேறு ஆள் மாதிரி வழவழவென்று ஆகியிருக்கும்.

முட்டையா? முதலில் ஒரு முட்டை சேர்த்தேன். முந்தின இரவே உருட்டி வெளியில் வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் மூடியைத் திறந்தால் ஒரு மாதிரி வாடை. நம் ஊர் இரவில் பச்சை முட்டை போட்ட மாவை வெளியில் விடுவது புத்திசாலித்தனம் இல்லை. எட்டு உருண்டையும் குப்பைக்குப் போயின. அன்றிலிருந்து முட்டை இல்லை. அதனால் ருசியில் எந்தக் குறையும் தெரியவில்லை. நிறம்தான் ஒரு பிடி மங்கல்.

இந்த இடத்தில் பாயைச் சொல்லியாக வேண்டும். எங்களுக்கு இரண்டு மாடி கீழே இருக்கிறார். பட்டர்வொர்த்தில் ஒரு காப்பிக் கடையில் இருபது வருஷத்துக்கு மேல் ரொட்டிக் கல்லில் நின்றவர். இப்போது வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருக்கிறார். இரண்டாம் சனிக்கிழமை மாவை விரித்துக் கிழித்து விரித்துக் கிழித்து வெறுத்துப்போய், அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். மேலே வந்து உருண்டையை ஒரு விரலால் அழுத்தினார். விரலை எடுத்ததும் குழி உடனே நிமிர்ந்துவிட்டது.

"எப்பப் பிசைஞ்சீங்க?"

"அரை மணி நேரம் ஆச்சு பாய்."

"மாவு இன்னும் கோவமா இருக்கு தம்பி. இப்பத் தொட்டா கிழியத்தான் செய்யும். மத்தியானமா வாங்க."

பிசைந்து முடித்தவுடன் குளூட்டன் வலை விறைப்பாக நிற்கும். இழுத்தால் சுருங்கித் தன் இடத்துக்கே திரும்பப் பார்க்கும். நேரம் ஆக ஆகத்தான் அது இளகிக் கொடுக்கும். பாய் சொன்ன கோபம் அதுதான். நான் வேலை பார்ப்பது பினாங்கின் பாயான் லெப்பாஸ் வட்டாரத் தொழிற்சாலையில், டெக்னீஷியனாக; அளந்து பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. ஒரே மாவில் மூன்று உருண்டையை எடுத்து, கைகளால் மட்டும் இழுத்து, எந்த அகலத்தில் முதல் ஓட்டை விழுகிறது என்று அளவுகோல் வைத்துப் பார்த்தேன். அரை மணி ஊறியது 27 சென்டிமீட்டரில் கிழிந்தது. இரண்டு மணி நேரம் ஊறியது 41. ஏழு மணி நேரம் ஊறியது 60-ஐத் தாண்டி, கிரானைட் மேடையின் விளிம்பில் தொங்கிற்று; கீழே கிரானைட்டின் புள்ளிகள் தெளிவாகத் தெரிந்தன. அந்தப் புள்ளிகளைப் பார்த்ததும் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் அதைவிட அடுப்பில் வைத்திருந்த பருப்பு அடிபிடிக்கிறதே என்பதில்தான் கவனமாக இருந்தார்.

உருண்டைகளை ஊற வைக்கும்போது மேலே எண்ணெய் தடவினால் மட்டும் போதாது என்பதும் பாய் சொன்னது. பாத்திரத்தில் மார்ஜரினும் பாமாயிலும் பாதிப் பாதி கலந்து, உருண்டைகள் முக்கால்வாசி முங்கும்படி அடுக்க வேண்டும். மேல்தோல் காயாது. ஒரு இடத்தில் தோல் காய்ந்தாலும் விரிக்கும்போது அங்கிருந்துதான் கிழிசல் தொடங்கும். மிஞ்சும் எண்ணெய் வீணாகாது. அதையே மேடையில் தடவப் பயன்படுத்திக்கொள்ளலாம். இப்போது வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்து பிசைந்து, இரண்டு மணி நேரம் வெளியில் விட்டு, படுக்கப் போகும் முன் ஃபிரிட்ஜில் வைத்துவிடுகிறேன். காலையில் எழுந்ததும் முதல் வேலை அதை வெளியே எடுப்பது. குளிர் முழுக்க இறங்க ஒன்றரை மணி நேரமாவது ஆகிறது. அவசரப்பட்டுக் குளிரோடு தொட்டால் மறுபடியும் கோபம்.

மூன்றாம் சனிக்கிழமை மாவு சரியாக வந்தது, அடுப்பு கவிழ்த்தது. ரொட்டி வெளியே வெளுத்து, உள்ளே பச்சை மாவாகப் பிசுபிசுத்தது. நான் போட்டது ஒரு நான்ஸ்டிக் தவாவில், தூக்கினால் தட்டு மாதிரி லேசாக இருக்கும். வேலையிடத்தில் பயன்படுத்தும் மாதிரி ஒரு அகச்சிவப்பு வெப்பமானி, துப்பாக்கி வடிவத்தில் இருக்குமே, அது என்னிடமும் ஒன்று இருந்தது. தவாவைச் சூடாக்கி 200 டிகிரி காட்டியதும் ரொட்டியைப் போட்டேன். ஒரு நிமிடம் கழித்துத் தூக்கிவிட்டுப் பார்த்தால், ரொட்டி கிடந்த இடம் 118 டிகிரி. மெல்லிய தவாவிடம் சேமித்து வைத்த சூடே இல்லை. ஈர மாவு விழுந்ததும் இருந்ததையெல்லாம் அது உறிஞ்சிவிடுகிறது. அப்புறம் ரொட்டி வேகாமல் காய்கிறது. தீயை ஏற்றிச் சமாளிக்கலாம் என்றால், நான்ஸ்டிக் பூச்சை அந்த அளவுக்குக் காய்ச்சக் கூடாது.

லெபோ பாசார் பக்கம், லிட்டில் இந்தியாவில் பாத்திரக் கடைகளில் ஏறி இறங்கி ஒரு கனத்த இரும்புத் தோசைக்கல் வாங்கினேன். 30 சென்டிமீட்டர், ஒரு கையால் தூக்கினால் மணிக்கட்டு முனகும். பழக்குவது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கழுவி, காய்ச்சி, எண்ணெய் தடவி, பாதி வெங்காயத்தால் தேய்த்து, மறுபடி காய்ச்சி. மூன்று நாள் இரவு அந்த வேலை நடந்தது. அதே 200 டிகிரியில் ரொட்டி போட்டு ஒரு நிமிடம் கழித்துப் பார்த்ததில் 165 இருந்தது. இந்த ஒரு மாற்றத்திலேயே பச்சை மாவுப் பிரச்சினை ஒழிந்தது. ஆனால் இரும்பு மெதுவாகத்தான் சூட்டைப் பரப்பும். பெரிய தீயில் வைத்தால் பர்னர் வளையத்துக்கு மேலே மட்டும் கொதித்து, ஓரம் ஆறியே இருக்கும். நடுத்தரத்துக்குக் கொஞ்சம் கீழான தீயில் 8 நிமிடம் பொறுமையாக விடுகிறேன்.

வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பளபளக்கும் எவர்சில்வர் சட்டியில் அது பொய் சொல்லும். நான் ஒருமுறை எண்ணெய் புகையத் தொடங்கிய சட்டியில் காட்டினேன். 74 டிகிரி என்றது. மினுங்கும் உலோகம் தன் சூட்டைக் கதிராக அதிகம் வெளிவிடாது. சுற்றுப்புறத்தைக் கண்ணாடி மாதிரி திருப்பிக் காட்டும், கருவி அதைப் படித்துக்கொள்ளும். கறுப்பேறிய இரும்புக் கல்லில் இந்தத் தொல்லை இல்லை. கருவியே இல்லாதவர்கள் கையை நனைத்து ஒரு சொட்டு உதறினால் போதும். சொட்டு அங்கேயே சுரீரென்று வற்றினால் இன்னும் பொறுக்க வேண்டும். முத்து மாதிரி உருண்டு ஓடினால் ரொட்டி போடலாம். பாய் வெப்பமானியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "நல்ல சாமான்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அவர் சொட்டுத் தண்ணீரைத்தான் பார்த்தார்.

இனி எல்லோரும் கேட்கும் விஷயம், வீசுவது. இதை நான்காம் வாரத்துக்குத் தள்ளி வைத்தது நல்லதாகப் போயிற்று. ஏனென்றால் மாவு ஊறி, கல் சூடேறிவிட்டால் வீசத் தெரியாதவனும் நல்ல ரொட்டி போடலாம் என்பது அதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. எண்ணெய் தடவிய மேடையில் உருண்டையை உள்ளங்கையால் தட்டி ஒரு தட்டு அகலத்துக்குக் கொண்டுவந்து, பிறகு ஓரத்தைப் பிடித்துத் தூக்கி, வெளிப்பக்கம் இழுத்து மேடையில் ஒட்டவிட்டு, அடுத்த ஓரம், அடுத்த ஓரம் என்று சுற்றி வந்தால் மெல்லிய படுதா கிடைத்துவிடும். இரண்டு நிமிடம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான். வீசுவதைப் பார்த்து மிரண்டு இந்த வேலைக்கே வராதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

ஆனாலும் ஆசை விடுமா? பாய் முதலில் மாவைக் கையில் கொடுக்கவில்லை. சமையலறைத் துண்டை நனைத்துப் பிழிந்து கொடுத்து, "இதை வீசுங்க" என்றார். வலது கை விரல்கள் மேலே, கட்டை விரல் கீழே. இடது கை அதற்கு நேர்மாறு. தூக்கி, வலப்பக்கமாகச் சுழற்றி, அந்தப் பக்கத்து ஓரம் நம்மைத் தாண்டிப் போய் மேடையில் 'பட்' என்று விழ வேண்டும். விளிம்பு தடிப்பாக இருக்க வேண்டும். அதன் கனம்தான் நடுவை இழுத்து விரிக்கிறது. நான் நடுவைத் தடிப்பாகவும் விளிம்பை மெலிதாகவும் விட்டிருந்தேன். அதனால் துண்டு ஒழுங்காக வந்தது, மாவு புகைபோக்கிக் கூண்டில் போய் ஒட்டிக்கொண்டது. அதைச் சுரண்டி எடுத்தபோது அம்மா எதுவும் சொல்லாமல் ஹாலுக்குப் போய் டிவியின் சத்தத்தைக் கூட்டினார். அடுத்த சனிக்கிழமை எட்டில் மூன்று ஒழுங்காக விழுந்தன. மற்ற ஐந்தையும் இழுத்துத்தான் விரித்தேன். தட்டில் வைத்தபோது எது வீசியது, எது இழுத்தது என்று எனக்கே தெரியவில்லை. பாய்க்குத் தெரிந்தது. வீசியதில் காற்று உள்ளே மாட்டிக்கொள்ளும், மடிப்புக்குள் ஏடு கொஞ்சம் தளர்வாக இருக்கும் என்றார்.

மடிப்பதில் இரண்டு வழி. படுதாவை நான்கு பக்கமும் உள்ளே மடித்துச் சதுரமாக்கி உடனே கல்லில் போடலாம். அல்லது ஒரு பக்கமாகக் கூட்டிக் கயிறாக்கி, நத்தை மாதிரி சுருட்டி, 15 நிமிடம் விட்டு, கையால் தட்டிப் போடலாம். சதுரம் சீக்கிரம் வேகும், மெத்தென்று இருக்கும். சுருள் ஏடு ஏடாக வரும், ஆனால் தடிப்பு அதிகம் என்பதால் தீயைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். அம்மாவுக்குப் பல் யோசனை உண்டு, ஆகவே சதுரம். ஒரு பக்கத்துக்கு இரண்டரை நிமிடம், திருப்பி அரைக்கரண்டி நெய் விட்டு இரண்டு நிமிடம். மார்ஜரினை நேராகக் கல்லில் போட்டால் அதிலிருக்கிற தண்ணீர் தெறிக்கும், சீக்கிரம் கருகும். கல்லுக்கு நெய்யோ எண்ணெயோ நல்லது.

கடைசி வேலை அடிப்பது. கல்லிலிருந்து எடுத்த ரொட்டியை மேடையில் போட்டு, இரண்டு பக்கத்திலிருந்தும் கைகளால் 'டப் டப்' என்று நெருக்கித் தட்டுவார்களே, அது. நான் அதை ஏதோ கடைக்காரர் வாடிக்கையாளருக்குக் காட்டும் ஜம்பம் என்று நினைத்திருந்தேன். சூடு வேறு கையைச் சுடுகிறதா, முதல் நான்கு வாரமும் அடிக்காமலே விட்டுவிட்டேன். நான்காம் வார ரொட்டி எல்லா வகையிலும் நன்றாக இருந்தும் அம்மா திருப்பிப் பார்த்து, "அடியில வேர்த்திருக்கு" என்றார். உண்மைதான். தட்டில் ரொட்டி இருந்த இடத்தில் வட்டமாக ஈரம். பதினான்கு மாடி ஏறாமலேயே வேர்த்துவிட்டது.

பாயிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "அடிக்கலையா? அப்பறம் ஆவி எங்க போகும்?" என்றார்.

ஏடுகளுக்கு நடுவில் அடைபட்ட ஆவி வெளியே வர வழி வேண்டும். அடித்தால் ஏடுகள் பிரிகின்றன, ஆவி ஓடிவிடுகிறது, மொறுமொறுப்பு நிற்கிறது. அடிக்காவிட்டால் அதே ஆவி தட்டில் பட்டுத் தண்ணீராகி ரொட்டிக்குள்ளேயே திரும்பி ஏறுகிறது. கடையில் அடித்துக் கொடுத்த ரொட்டியும் காகிதத்தில் கட்டியதும் வேர்ப்பது இதே கணக்கில்தான். ஐந்தாம் சனிக்கிழமை நானும் அடித்தேன். விரல் நுனி பழகும் வரை ஒரு பக்கம் கை, மறுபக்கம் தோசைத் திருப்பி. கையை வைத்து அழுத்தக் கூடாது, தொட்டதும் எடுத்துவிட வேண்டும். எடுத்த பத்து நொடிக்குள் நான்கைந்து அடி. அப்புறம் நேராகத் தட்டுக்குப் போகாமல், கேக் ஆற வைக்கிற கம்பித் தட்டில் ஒரு நிமிடம். கீழேயும் காற்று போகிறது.

குழம்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மைசூர்ப் பருப்பும் உருளைக்கிழங்கும் போட்ட தால்சா மாதிரி ஒன்று, அதோடு முந்தின நாள் மீன் கறி மிச்சம் இருந்தால் இரண்டையும் கலந்து. பினாங்கில் அப்படிக் கலந்து வெள்ளமாக ஊற்றிக்கொள்கிறவர்கள் உண்டு. 'பஞ்சிர்' என்றே கேட்டு வாங்குவார்கள். இவ்வளவு பாடுபட்டு மொறுமொறுப்பாக்கிய ரொட்டியை வெள்ளத்தில் முக்குவதை என்னால் பார்க்க முடியாது. எங்கள் வீட்டில் குழம்பு கிண்ணத்தில் தனியாக.

தீராத ஒரு சிக்கல் புகை. எட்டு ரொட்டி முடிவதற்குள் சமையலறை மங்கிவிடுகிறது, வாசம் நடைபாதை வரைக்கும் போகிறது. எதிர்வீட்டு அக்கா போன வாரம் தட்டோடு வந்து நின்றார், எனவே அடுத்த முறை 750 கிராம் மாவு.

அம்மாவின் முக்காலியைச் சமையலறைக்குள் நகர்த்திவிட்டேன். மேசைக்கு எடுத்துப் போக அவர் விடுவதில்லை. கம்பித் தட்டில் வைத்ததும் அங்கிருந்தே பிட்டு எடுத்துக்கொள்கிறார். போன சனிக்கிழமை இரண்டாவது ரொட்டியைத் திருப்பி அடியைத் தடவிப் பார்த்தார், விரலையும் பார்த்தார். பிறகு மூன்றாவதில் வெங்காயம் போடச் சொன்னார்.